ஆயிரமாவது மரம்

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய பல்லில் விசேஷம் ஒன்றும் இல்லை. பல் மருத்துவமனைகளுக்குப் பொய்ப்பல் செய்து அனுப்பும் ஒரு சின்னப் பட்டறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள், அவ்வளவுதான். யாராவது வாயைத் திறந்து சிரித்தால், "மேல் வரிசை, இடது பக்கம், மூணாவது. நான் செஞ்சது" என்று சொல்லி அந்தச் சிரிப்பை அங்கேயே நிறுத்திவிடுவாள். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்கு இம்மி பிசகாமல் வேலை செய்கிறவளுக்கு, சாயங்காலம் ஆனால் அளவே இல்லாத எதையாவது செய்ய வேண்டும் என்று கை ஊறும்.

அப்படி ஊறிய கைதான் வனராணியைச் செய்தது. வனராணி ஒரு படக்கதைத் தொடரில் வருகிறவள். பாதி பெண், பாதி மரம். பல்லக்காவும் அவளுடைய நாத்தனாரும் ஒரே புத்தகத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் படித்த தொடர் அது. கதையில் வருகிறவர்களைப் போலவே உடுத்தி, வேஷம் கட்டிப் படம் எடுத்துக்கொள்வதைக் காஸ்பிளே என்கிறார்கள். பல்லக்காவுக்கு அதில் பித்து. மரப்பட்டைக்காக மூன்று யோகா பாய்களை வெட்டி, சூடு காட்டி முறுக்கினாள். நானூற்றுப் பன்னிரண்டு துணி இலைகளுக்கு ஒவ்வொன்றாக நரம்பு வரைந்து தைத்தாள். தலையின் இரண்டு பக்கமும் விரிகிற கிளைக்கொம்புகளைப் பல்லுக்கு ஊற்றுகிற அதே கலவையில் வார்த்தாள். நாலு மாதம் ஆயிற்று. முடிந்தபோது வீட்டுக் கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது.

வனராணிக்கு எதிரி ஒரு பூதம். அந்த வேஷத்துக்கு யாரைப் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, சாப்பாட்டு மேஜையின் மறுகோடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிராமலே சொன்னார்:

"நான்தான் பூதம்."

"அத்தை, அது குதிக்கணும், உறுமணும்..."

"முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டுல டைப் அடிச்சேன். ஒரு நாள்கூட என்னை யாரும் உறும விடல. இனிமேலாவது விடுங்கம்மா."

பல்லக்கா அன்றைக்கே மாமியாரின் வாயை அச்செடுத்து இரண்டு கோரைப்பல் செய்தாள். அவள் கைப்பட்ட பற்களிலேயே உருப்படியானவை அவைதான் என்று இன்றைக்கும் சொல்வாள். மாமியார் அவற்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, கொஞ்சநேரம் தன்னைத் தானே பயமுறுத்திக்கொண்டார். பிறகு கப்பலில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டு உறுமிக் காட்டினார். "என்னமோ பண்ணுங்க" என்றார் மகன். இந்தக் கதையில் அவருடைய பங்கு இத்துடன் முடிகிறது.

படம் எடுக்க வேண்டியவள் நாத்தனார். ஒரு ஸ்டூடியோவில் பதினோரு வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாள். "நேரா பாருங்க, காது தெரியட்டும், சிரிக்காதீங்க." ஒரு நாளைக்கு அறுபது தடவை இதைச் சொல்வாள். தூக்கத்திலும் சொல்வாள். இப்போது அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்து கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அதுவும் "சிரிக்காதீர்கள்" என்று சொல்லும், இவளைவிட மரியாதையாக. ஒரு பத்திரிகையில் புகைப்படக்காரர் வேலை காலியாக இருப்பதாக அறிந்து எழுதிப் போட்டாள். மாத முடிவுக்குள் ஒரே ஒரு படம் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. அவளிடம் இருந்ததெல்லாம் சிரிக்காத முகங்கள்.

"அண்ணி, கடைசிப் பக்கம்" என்றாள் நாத்தனார்.

தொடரின் கடைசிப் பக்கத்தில், ஊதாப் பூ மழைக்கு நடுவே வனராணி நிற்பாள். காட்டை விழுங்க வந்த பூதம் அவள் மேல் பாயும். அவள் பயப்படாமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பூதத்துக்கும் சிரிப்பு வந்துவிடும். காடு பிழைக்கும். ஊரின் பெரிய பூங்காவில் இரண்டு வரிசை ஊதாப் பூ மரங்கள் உண்டு. வருடத்தில் பன்னிரண்டு நாள் பூக்கும். பதிமூன்றாம் நாள் வெறும் குச்சி. பூ விட்டு அன்றோடு இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலை மூவரும் ஒரு பெரிய பையோடு பூங்காவுக்குப் போனார்கள். பையின் வாயிலிருந்து கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. வாசல் காவலாளி விசில் ஊதினார். நரைத்த மீசையும் தடிமனான பதிவேடுமாக உட்கார்ந்திருந்தவர்.

"கேமராவா? போட்டோ எடுக்கறதா இருந்தா ஆபீசுல கடுதாசி வாங்கிட்டு வாங்கம்மா. என்னைக் கேட்டா உள்ள விட்டுடுவேன். ஆனா என்னைத்தான் யாரும் கேக்கறதில்லையே."

ஆபீசின் பெயர்ப்பலகை பெரியது: பூங்கா, நிழல் மற்றும் இருக்கைகள் துறை. உள்ளே உட்கார ஓர் இருக்கைகூட இல்லை. சுவரில் பூங்கா விதிகள் ஒட்டியிருந்தன. புல்லை மிதிக்காதீர். குளத்தை உற்றுப் பார்க்காதீர். பூக்களை அளவோடு ரசிக்கவும்.

முகப்பில் இருந்த எழுத்தர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"கல்யாணமா, விளம்பரமா, ஆராய்ச்சியா?"

"மூணும் இல்லைங்க. காஸ்பிளே" என்றாள் பல்லக்கா.

"மூணும் இல்லைன்னா நீங்க இன்னும் வரலைன்னு அர்த்தம்."

"இதோ நிக்கிறேனே?"

"நிக்கிறது வேற, வர்றது வேற."

"'இதர'ன்னு ஒரு கட்டம் போட்டிருக்கலாமே?" என்று மாமியார் கேட்டார்.

"இருந்துதும்மா. எல்லாரும் அதையே நிரப்ப ஆரம்பிச்சாங்க. அதான் எடுத்துட்டோம்."

சரி, கல்யாணம் என்றே போடலாம் என்று நாத்தனார் பேனாவை எடுத்தாள். மணமகள் வனராணி. மணமகன் என்ற இடத்தில் பேனா நின்றது. மாமியார் பின்னாலிருந்து, "பூதம்னு போடு" என்றார். எழுத்தர் அதைப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பூதத்துக்கு வயசு இருபத்தொண்ணு ஆச்சா?"

"அறுபத்திநாலு" என்றார் மாமியார்.

"முதல் தாரமா?"

பல்லக்காவுக்கு அங்கேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்தக் கல்யாணம் அத்தோடு நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பழைய தட்டச்சு இயந்திரத்தைத் துடைத்து மேஜையில் வைத்தார். "அவங்க பாஷையிலயே கேக்கணும்" என்று சொல்லி நாலு பக்கத்துக்கு ஒரு மனு அடித்தார். "மேற்படி மனுதாரராகிய பூதம் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்" என்று அது ஆரம்பித்தது. மறுநாள் அதை வாங்கிப் பார்த்த எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய பத்து வருடப் பணியில் ஓரம் இவ்வளவு நேராக விட்ட மனு வந்ததில்லையாம். நேராக மேல் மாடிக்கு அனுப்பினார்.

மேல் மாடியில் இருந்தவர் உதவி இயக்குநர் (நிழல்). அடுத்த அறையில் உதவி இயக்குநர் (இருக்கைகள்) என்று இன்னொருவர் இருந்தார். இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அதனால் பூங்காவில் நிழல் உள்ள இடத்தில் இருக்கை கிடையாது. இருக்கை உள்ள இடத்தில் நிழல் கிடையாது. இதை அவரே பெருமையோடு சொன்னார்: "என் எல்லைக்குள்ள அவரோட ஒரு பெஞ்சு வரட்டும் பார்க்கலாம்!"

மனுவைப் படித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வேஷம் சம்பந்தப்பட்ட விண்ணப்பம். நாப்பத்தஞ்சு நாள் ஆகும்."

"சார், பூ இன்னும் எட்டு நாள்ல கொட்டிடும்."

"பூ உதிர்றதை ஒத்திவைக்கணும்னா நீங்க தனியா விண்ணப்பிக்கணும்."

"ஒத்திவைப்பீங்களா?" பல்லக்காவுக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"விண்ணப்பத்தை வாங்கி வெச்சுப்போம்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இத பாருங்கம்மா. இந்தப் பூங்காவை நான் என் பிள்ளை மாதிரி பார்த்துக்கறேன். காலையில அஞ்சு மணிக்குப் போய்ப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கும்! ஏன்? யாரும் இல்லை. ஆறு மணிக்கு ஜனங்க வர ஆரம்பிக்கிறாங்க, எல்லாம் போச்சு. நடக்கிறாங்க, சிரிக்கிறாங்க, மரத்தடியில நிக்கிறாங்க. பொதுமக்கள்னு ஒண்ணு இல்லாம இருந்தா, பொதுப் பூங்காவை நாங்க எங்கயோ கொண்டுபோயிருப்போம்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நாத்தனார் பரிதாபப்பட்டுக் கைக்குட்டையை நீட்டினாள்.

அந்தக் கைக்குட்டைதான் வேலை செய்ததோ என்னவோ, அவர் இறங்கி வந்தார். வேஷத்தை நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார். பூ விட்ட எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு முழு வேஷத்தில் ஆபீசுக்கு வர வேண்டும்.

வந்தார்கள். கொம்பு லிஃப்டில் நுழையவில்லை. வனராணி மூன்று மாடியும் படியேறினாள். பின்னால் பூதம் தன் வாலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் "அப்பாடா" என்று உறுமிக்கொண்டே வந்தது. நடைபாதையின் இரண்டு பக்கமும் கூரை முட்ட ஃபைல் அடுக்கியிருந்தார்கள். பல்லக்கா பக்கவாட்டில் நடந்தும் பயனில்லை. உதவி இயக்குநரின் அறைக்குள் அவள் நுழைந்தபோது வலது கொம்பில் ஒரு சிவப்பு நாடா மாட்டி, அதன் நுனியில் ஒரு ஃபைல் ஊஞ்சல் ஆடியது.

எழுத்தர் அதைப் பார்த்துக் கத்திவிட்டார். "சார்! குளத்து ஃபைலு! ஏழு வருஷமாத் தேடிட்டிருந்தது!"

பல்லக்கா சந்தோஷமாக அதைக் கழற்றி நீட்டினாள். உதவி இயக்குநர் நெருப்பைப் பார்த்தவர்போலப் பின்னால் நகர்ந்தார்.

"எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க! அதைத் தேடறதுக்காகவே ரெண்டு பேரைப் போட்டிருக்கோம். கிடைச்சுட்டா அவங்க குடும்பம் என்ன ஆகறது?"

ஃபைல் தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. பரிசோதனை ஆரம்பித்தது. எழுத்தர் அளவு நாடாவோடு பல்லக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வோர் இலையையும் விரலால் தொட்டு எண்ணினார். இடுப்புப் பக்கம் வந்தபோது பல்லக்கா கூச்சமெடுத்து நெளிந்தாள். எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"இலை நானூத்திப் பன்னிரண்டு சார். கிளை ரெண்டு. பட்டை, உடம்பு முழுக்க. விரல் பத்து."

உதவி இயக்குநர் யோசித்தார். "பெரும்பான்மை இலை. இது மரம்."

"நான் மனுஷிங்க!"

"அது உங்க சொந்த அபிப்பிராயம். விதியில மனுஷங்க, பிராணி, தாவரம், மூணுதான். தாவரத்துக்குப் பூங்காவுல நிக்க அனுமதி வேண்டாம்." அவர் சட்டென்று நிறுத்தினார். எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அவரைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. "இந்த வருஷ நடவு எத்தனை?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது சார்."

"இலக்கு?"

"ஆயிரம் சார். கடைசிக் கன்றை ஆடு தின்னுடுச்சு. அந்த ஒண்ணுக்காகத்தான் ஆணையர் ரெண்டு தடவை விளக்கம் கேட்டுட்டார்."

உதவி இயக்குநர் எழுந்து வந்து பல்லக்காவின் கிளையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணு நாள்ல உங்களை நடறோம்மா!"

நட்ட பிறகு என்ன செய்வீர்கள் என்று பல்லக்கா கேட்டாள். "நட்ட பிறகா?" என்று அவர் திகைத்தார். அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "நட்ட பிறகு நாங்க அந்தப் பக்கமே வர மாட்டோம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் நீங்க பாட்டுக்கு நில்லுங்க."

அடுத்து மாமியார். விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்கள். நாய் இருந்தது, குதிரை இருந்தது, கழுத்தில் மணி கட்டிய ஆடுகூட இருந்தது. பூதம் இல்லை.

"தடை செய்யாத பிராணி. தாராளமா வரலாம்" என்றார் உதவி இயக்குநர்.

மாமியாருக்கு மனம் ஆறவில்லை. "ஆபத்தானதுன்னு ஒரு வரியாவது எழுதக் கூடாதா?"

நாத்தனாரின் பிரச்சினையை எழுத்தரே தீர்த்தார். துறையின் புகைப்படக்காரர் ஓய்வு பெற்ற பிறகு, எல்லா விழாவுக்கும் அவர் எடுத்த ஒரே பழைய படத்தைத்தான் வெளியிட்டு வருகிறார்களாம். "அதுல ஆணையருக்குத் தலைமுடி இருக்கு. இப்ப இல்லை. ஜனங்க கேக்கறாங்க." ஆகவே நாத்தனார் நடவுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டாள். அப்படியாக, ஓர் அனுமதிகூட வாங்காமல் மூன்று பேரும் உள்ளே போக வழி பிறந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் பல்லக்காவுக்கு நிலைகொள்ளவில்லை. "நாளைக்கு மறுநாளைக்கு மறுநாள் நான் மரம்! அத்தை, நான் மரம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பட்டறையில் முதலாளியிடம் லீவு கேட்டபோதும் சொல்லிவிட்டாள். "என்ன காரணம்?" "என்னை நடறாங்க சார்." அவர் மேலே எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பதினோராம் நாள். மரங்களில் பாதிப் பூ கொட்டிவிட்டது. மீதிப் பாதி காற்றுக்காகக் காத்திருந்தது. வாயிலில் காவலாளி பதிவேட்டைத் திறந்தார். நாத்தனாரை மனிதர் பக்கத்தில் எழுதினார். மாமியாரைப் பிராணிகள் பக்கத்தில் எழுதினார். கையில் இருந்த உத்தரவைப் படித்துவிட்டு, பல்லக்காவைத் தாவர வரவில் எழுதினார். "மரம் ஒண்ணு, நல்ல நிலையில்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குக் குழி தயாராக இருந்தது. பல்லக்கா இறங்கி நின்றாள். மண்ணைத் தள்ளினார்கள். காலுக்கடியில் ஜில்லென்று இருந்தது. ஏதோ ஒரு மண்புழு அவளுடைய கட்டைவிரலை விசாரித்துவிட்டுப் போனது. எழுத்தர் அவளுடைய இடது கொம்பில் ஒரு தகர வில்லையைக் கம்பியால் கட்டினார். அதில் 1000 என்று இருந்தது.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டாள்.

"விடலாம். மரமும் விடும். பேசத்தான் கூடாது" என்றார் எழுத்தர்.

ஆணையர் நான்கு கார்களில் வந்தார். ஒன்றில் அவர், மற்ற மூன்றில் யாரும் இல்லை. ஒலிபெருக்கி முன் நின்று பேசினார்:

"பெரியோர்களே! நான் பொறுப்பேற்றபோது இந்த நகரத்தில் பன்னிரண்டாயிரம் மரங்கள் இருந்தன. அதன் பிறகு ஆண்டுக்கு ஆயிரம் வீதம் ஒன்பதாயிரம் மரங்களை இடைவிடாமல் நட்டிருக்கிறோம். அதன் பயனாக இன்று நாலாயிரம் மரங்கள் இருக்கின்றன!"

கைதட்டினார்கள்.

"எப்படிச் சாதித்தோம்? திட்டமிடல்! சென்ற ஆண்டு நட்ட அதே குழியில்தான் இந்த ஆண்டும் நடுகிறோம். புதிதாகக் குழி தோண்டும் சிரமம் மக்களுக்கு இல்லை. நடுவது அரசின் கடமை. வளர்வது மரத்தின் சொந்த விஷயம். ஒரு மரத்தின் தனிப்பட்ட வாழ்க்கையில் இந்த நிர்வாகம் ஒருபோதும் தலையிட்டதில்லை, இனியும் தலையிடாது!"

மறுபடி கைதட்டினார்கள். இந்தத் தடவை மாமியார் பரவசத்தில் ஓர் உறுமல் உறுமினார். ஆணையர் அதை ஆதரவாக எடுத்துக்கொண்டு கையசைத்தார். பிறகு பூவாளியை வாங்கி ஆயிரமாவது மரத்தின் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஐஸ் போட்டு வைத்திருந்த தண்ணீர் அது. ஆணையர் குடிப்பதற்காக வைத்தது கை மாறிவிட்டது. யோகா பாய்க்கும் முதுகுக்கும் நடுவே அது இறங்கியதும் பல்லக்கா, "ஐயோ!" என்று அலறிவிட்டாள்.

எல்லாம் நின்றுபோயிற்று. ஆணையர் பூவாளியோடு சிலையானார். உதவி இயக்குநரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கணம்தான், அவரே முந்திக்கொண்டு சொன்னார்:

"புது ரகம் சார். தண்ணி பட்டா சத்தம் போட்டு நன்றி சொல்லும்."

ஆணையர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "மத்த மரங்களும் இதைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று சொல்லி, நாத்தனாரின் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். நாத்தனார் பழக்கதோஷத்தில், "காது தெரியட்டும், சிரிக்காதீங்க" என்றாள். ஆணையருக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துப்போனது என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. எங்கோ ஒரு படிக்கட்டின் மூன்றாவது படியைத் திறந்துவைக்க வேண்டுமாம். நான்கு கார்களும் போயின. பந்தலைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். உதவி இயக்குநர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அங்கே இருந்தது ஒரு மரம், ஒரு பூதம், ஒரு கேமரா.

"அண்ணி, அசையாதீங்க" என்றாள் நாத்தனார். "நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க."

காற்று வந்தது. முதலில் பத்து இருபது பூ. பிறகு இரண்டு வரிசையும் சேர்ந்து உலுக்கிவிட்டாற்போல ஊதா நிறமாகவே கொட்டியது. கொம்பில் விழுந்தது, இலையில் விழுந்தது, நனைந்த பட்டையில் ஒட்டிக்கொண்டது. மாமியார் இருபதடி பின்னால் போய் நின்றார். வாலைத் தரையில் சாட்டைபோல ஒரு சொடுக்குச் சொடுக்கினார். முப்பத்திரண்டு வருடம் அடக்கி வைத்த உறுமல் தொண்டையில் ஏற, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். மூட்டுவலிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசி அடியில் உண்மையாகவே குதித்தார்.

குதித்த வேகத்தில் ஒரு கோரைப்பல் கழன்று வனராணியின் மூக்கில் பட்டது.

பல்லக்கா சிரித்தாள். கதையில் வருகிற ராணிச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொள்ள முடியாமல், முழங்கால் வரை மண்ணில் மாட்டிக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு இலையும் குலுங்கச் சிரித்த சிரிப்பு. அதைப் பார்த்த மாமியாருக்கும், ஒற்றைக் கோரைப்பல்லோடு, தாங்கமுடியாத சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் மண்டியிட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டே கத்தினாள்:

"சிரிங்க! நல்லா சிரிங்க! நிறுத்தாதீங்க, சிரிங்க!"

அப்படிச் சொல்வது பதினோரு வருடத்தில் அவளுக்கு அதுதான் முதல் தடவை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததால் கேமராவுக்குள் அவளுக்கு எதுவும் தெரியவில்லையாம். ஆனாலும் நாற்பது படத்தில் ஒன்று விழுந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அது இரண்டு வாரம் கழித்து நடந்தது. அன்றைக்கு அவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், மரத்தைக் குழியிலிருந்து பிடுங்குவது அவ்வளவு சுலபமில்லை என்பதுதான். பூதம் ஒரு கையையும் புகைப்படக்காரர் ஒரு கையையும் பிடித்து இழுத்து, மூவரும் சேர்ந்து பூவில் உருண்டார்கள்.

வாயிலுக்கு வந்தபோது காவலாளி விசில் ஊதினார்.

"மரம் வெளிய போகக் கூடாதும்மா."

"நான் மரம் இல்லைங்க. பாருங்க, காலு" என்று பல்லக்கா சேற்றுக் காலைத் தூக்கிக் காட்டினாள்.

காவலாளி பதிவேட்டைப் புரட்டினார். "அப்படின்னா நீங்க எப்படி உள்ள வந்தீங்க? இன்னைக்கு மனுஷங்க வரவுல உங்களை எழுதவே இல்லையே. வராத ஆளு வெளிய போக முடியாது. வந்த மரமும் வெளிய போக முடியாது."

அவர் குரலில் விரோதமே இல்லை. ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார். வேஷத்தைக் கழற்றிவிட்டால்? அப்போது ஒரு மரம் காணாமல்போன கணக்காகிவிடும். சுவரேறிக் குதித்தால்? அதற்குத் தனிப் பதிவேடு உண்டு. அதையும் அவர்தான் எழுத வேண்டும்.

"ஏதாவது ஒரு வழி இருக்குமே?" என்று நாத்தனார் கெஞ்சினாள்.

"இருக்கு." அவர் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். பிடுங்கப்பட்ட மரங்கள் என்று தலைப்பு. தேதி, எண், பிடுங்கியது யார் என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியில் மேலிருந்து கீழ்வரை காற்று, காற்று, காற்று என்றே இருந்தது. "பதினாறு வருஷமா காத்துதான் பிடுங்குது. பாதி நாள் இலைகூட அசையாது. ஆனா என்ன எழுத? லாரில வந்து ஏத்திட்டுப் போறவங்க பேரை எழுத முடியுமா? எனக்கே எழுதி எழுதி அலுத்துப்போச்சு."

மாமியார் கோரைப்பல்லைச் சரியாகப் பொருத்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் பிடுங்கினேன்."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிராணிகள் பக்கத்தைப் புரட்டினார். பூதம் ஒன்று என்று அங்கே அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவருடைய மீசைக்கடியில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. பேனாவை உதறி, முனையை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, இருக்கிறதிலேயே அழகான எழுத்தில், எண் ஆயிரத்துக்கு நேரே எழுதினார்: பூதம்.

எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. நேத்துவரைக்கும் ஒருத்தரும் போட்டதில்லை."

மாமியார் நீதிமன்றக் கையெழுத்தைப் போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

"ஒரு விஷயம்" என்றார் காவலாளி. "பிடுங்கின மரம் தானா நடந்து போகாது. தூக்கிட்டுத்தான் போகணும். இல்லைன்னா நான் பொய் எழுதின மாதிரி ஆயிடும்."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. பூதம் தோள்பக்கமும் நாத்தனார் கால்பக்கமும் பிடித்தார்கள். கனம் தாங்காமல் ஒருபக்கம் சாய்ந்தபோது, காவலாளி விசிலை வாயில் கவ்விக்கொண்டு நடுவில் வந்து முட்டுக் கொடுத்தார். எந்த அமைச்சருக்கும் திறக்காத இரட்டைக் கதவையும் அன்று அகலத் திறந்திருந்தார். பல்லக்கா வானத்தைப் பார்த்துப் படுத்தபடி, மரம்போல விறைப்பாக இருக்க எவ்வளவோ முயன்றாள். சிரிப்பில் உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது. அவளிடமிருந்து தெரு நீளத்துக்கும் பூ உதிர்ந்தது.

பேருந்து வந்து நின்றது. நடத்துநர் படியில் இறங்கி நின்று, முதலில் பூதத்தைப் பார்த்தார், பிறகு கொம்பைப் பார்த்தார், பிறகு தன் பையிலிருந்த விதிமுறைக் கையேட்டை மெதுவாக வெளியே எடுத்தார்.

"மூணு டிக்கெட்டா?" என்று கேட்டார். "இல்ல, ரெண்டு டிக்கெட், ஒரு லக்கேஜா?"

மாமியார் மருமகளை நடைபாதையில் பத்திரமாக நட்டு நிறுத்திவிட்டு, கோரைப்பற்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனு பாஷையில் ஆரம்பிக்கத் தொண்டையைச் செருமினார்.